படகில்லாத தீவின் பிரதமர்

தாழைதீவுப் பாடசாலையில் மொத்தம் பத்தொன்பது பிள்ளைகள். மாணவர் பாராளுமன்றம் அமைக்கும்படி மேலிடத்திலிருந்து வந்த சுற்றுநிருபமோ, ஒரு பிரதமர், ஒரு சபாநாயகர், ஒரு பிரதிச் சபாநாயகர், பத்து அமைச்சர்கள், பத்துப் பிரதி அமைச்சர்கள், ஓர் எதிர்க்கட்சித் தலைவர், செங்கோல் தாங்க ஒருவர், இவர்களைத் தவிரப் ‘போதிய அளவு சாதாரண உறுப்பினர்கள்’ வேண்டும் என்றது. அதிபர் தில்லைநாதன் கரும்பலகையில் கூட்டிப் பார்த்தார். அழித்துவிட்டு மறுபடியும் கூட்டினார். பிறகு கல்விக் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தார்.

“சேர், ஆக்கள் காணாது.”

மறுமுனையில் உதவிப் பணிப்பாளர் சிவபாதம் இருந்தார். கரையோரக் கல்வி மேம்பாட்டுப் பணியகத்தில் தீவுகளுக்குப் பொறுப்பானவர் அவர். கடற்பயணம் ஒத்துக்கொள்ளாது என்பதால் தீவுகளைத் தொலைபேசியிலேயே பராமரித்து வந்தார்.

“ஆக்கள் காணாதெண்டு பாராளுமன்றத்தைச் சின்னனாக்கேலாது, மிஸ்டர் தில்லைநாதன். ஜனநாயகத்துக்கு ஒரு அளவு இருக்கு. ஒருத்தருக்கு ரெண்டு பதவியாக் குடுங்கோ. பெரிய ஆக்களும் அப்பிடித்தானே செய்யினம்.”

அப்படியே கொடுக்கப்பட்டது. முதலாம் வகுப்புச் சாருஜன் மீன்பிடிப் பிரதி அமைச்சரும் செங்கோல் தாங்கியும் ஆனான். கூட்டுகிற தும்புத்தடிக் கம்பில் தங்கநிறக் கடதாசி சுற்றிய செங்கோல் அவனைவிட உயரமாக இருந்தது. பிரதமர் தேர்தலில் தோற்பவர் எதிர்க்கட்சித் தலைவராகவும் அதேவேளை சுகாதார அமைச்சராகவும் இருக்க வேண்டும். சுகாதாரத்தைப் பற்றி அவரே கேள்வி கேட்டு அவரே எழுந்து பதில் சொல்லலாம். எல்லாம் நிரம்பிய பிறகு, ‘சாதாரண உறுப்பினர்கள்’ என்ற இடத்துக்கு நேரே அதிபர் ஒரு சிறு கோடு இழுத்தார். சாதாரணமானவர் என்று சொல்லத் தீவில் இனி ஒரு பிள்ளையும் மிச்சமில்லை.

பிரதமர் பதவிக்கு ஒன்பதாம் வகுப்பு வினோஜா பெயர் கொடுத்ததை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. அவள் அதிகம் பேசாத பிள்ளை. கேள்வி கேட்டால் பதிலுக்கு முன் சற்று நேரம் சும்மா நிற்பாள். அந்த நேரத்துக்குள் ஆசிரியர்கள் அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார்கள்.

சுற்றுநிருபத்தின் கடைசிப் பந்தியை அவள் அறிவித்தல் பலகையில் வாசித்திருந்தாள். பிரதமர் தமது பாடசாலையின் அத்தியாவசியத் தேவை ஒன்றைப் பிரேரணையாக நிறைவேற்றிப் பணியகத்தில் நேரிற் கையளிக்கலாம் என்று அது சொன்னது. வினோஜாவுக்கு ஒரு தேவை இருந்தது.

தாழைதீவில் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் இல்லை. மேலே படிப்பதானால் ஒவ்வொரு நாளும் ஊர்காவற்றுறைக்குக் கடல் கடந்து போக வேண்டும். சேவைப் படகு ஒன்று உண்டுதான். ஆனால் அது உத்தியோகத்தர்களின் வசதிக்காக ஓடுவது. அதிபர், ஆசிரியர்கள், கிராம அலுவலர் எல்லோரும் அக்கரையிலிருந்து வருகிறவர்கள் என்பதால் படகு அக்கரையிலேயே தங்கும், காலையில் அவர்களை ஏற்றி வரும், ஒரு மணிக்கு அவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பிவிடும். தீவிலிருந்து காலையில் வெளியே போக விரும்புகிற ஒருவர் ஒரு மணி வரை விரும்பிக்கொண்டிருக்கலாம்.

இதற்காகவே முன்பு ஒரு மாணவர் படகு இருந்தது. அடிப்பலகை பிளந்து வெடித்து, எஞ்சின் கழற்றப்பட்டு, போன வருடத்திலிருந்து அது கரை மணலில் சாய்ந்து கிடந்தது. அடுத்த வீட்டு நிலாந்தினியின் படிப்பு அந்தப் படகோடு நின்றது. அவள் இப்போது பனையோலை வார்ந்துகொண்டிருந்தாள்.

“நீ பிரதமராகி என்னடி செய்யப்போறாய்?” என்று கேட்டாள்.

“படகைத் திருத்துவிக்கப் போறன்.”

“திருத்திப்போட்டு எனக்கும் சொல்லு. என்ர பேரப்பிள்ளையள அனுப்பிவிடுறன்.”

வினோஜா சிரிக்கவில்லை. புது வகுப்புகள் தொடங்கும் தை மாதம் பிறந்தால் அவளும் அந்த ஓலைக் குவியலுக்கு எதிரில் உட்கார வேண்டியதுதான். ஊர்காவற்றுறையில் தங்கிப் படிக்க அவர்களுக்கு உறவென்று ஒருவரும் இல்லை.

வேட்புமனுவின்போது சின்னம் கேட்டார்கள். படகு என்றாள். அதிபர் பேனையை மூடினார்.

“வேறை சொல்லும் பிள்ளை. இந்த ஊரில படகெண்டால் ஓடிப்போறவையின்ர சின்னம். துறையில சிலையா நிக்கிற வீரகத்தியாரின்ர மண்ணில அதை அனுமதிச்சால் எனக்குத்தான் பிரச்சினை.”

அவளுக்குக் குடை கிடைத்தது. எதிர் வேட்பாளர் நிலக்ஷனுக்குத் தீப்பந்தம். அவன் கேட்டு வாங்கியதல்ல. அவனுடைய பெரியப்பா அரியநாயகம் முன்கூட்டியே ஒதுக்கிவைத்திருந்தார்.

ஓய்வுபெற்ற அதிபர் அரியநாயகம், தண்டையல் வீரகத்தியார் நினைவுப் பேரவையின் தலைவர். யாழ்ப்பாண நகரத்தில் மாடிவீட்டில் இருந்தார். தாழைதீவில் ஒலிவாங்கி கட்டி விழா நடக்கும் நாட்களில் மட்டும் வருவார். வீரகத்தியாருக்கு இறங்குதுறையில் சிலை வைத்தவர் அவர்தான். செலவு வெளிநாட்டுக் கிளைகளுடையது. சிலை கடலைப் பார்க்க வேண்டும் என்று கனடாக் கிளையும் ஊரைப் பார்க்க வேண்டும் என்று சுவிஸ் கிளையும் நீண்டகாலம் வாதாடின. இரண்டு கிளைக்கும் மனத்தாங்கல் வராமல் சிலையைப் பக்கவாட்டாகத் திருப்பிவைத்தார்கள். அன்றிலிருந்து தண்டையல் வீரகத்தியார் உயர்த்திய தீப்பந்தத்தோடு, பூட்டிக் கிடக்கும் இறங்குதுறைக் கழிப்பறையைப் பார்த்தபடி நிற்கிறார்.

வேட்பாளர் ஒவ்வொருவரும் தமது ஊரின் வரலாற்று நாயகர் ஒருவரை முன்மாதிரியாகக் கொண்டு கன்னியுரை ஆற்ற வேண்டும் என்பது சுற்றுநிருபத்தின் இன்னொரு கட்டளை. தாழைதீவுக்கு இருந்த நாயகர் ஒருவரே. ஆகவே வினோஜா, சிலைக்கு வர்ணம் பூசுவதை மேற்பார்வை செய்ய வந்திருந்த அரியநாயகத்திடம் போனாள். அவர் பேரவையின் மலரை விரித்துக் கதையைச் சொன்னார்.

ஒல்லாந்தர் காலம். அவர்களின் கப்பல்கள் வருகின்றன என்று கேள்விப்பட்ட தீவு மக்கள், பிள்ளைகுட்டிகளோடு அக்கரைக்குப் போய்விட ஓடங்களை இறக்கினார்கள். தண்டையல் வீரகத்தியார், ஓடமோட்டிகளின் தலைவர், ஒரே இரவில் ஓடங்களையெல்லாம் கொளுத்தினார். ‘இம்மண்ணை விட்டு ஒரு காலும் நகராது’ என்று முழங்கினார். மலரில் கதை அந்த முழக்கத்தோடு முடிந்திருந்தது. அடுத்த பக்கத்திலிருந்து கிளைத் தலைவர்களின் வாழ்த்துச் செய்திகள், படங்களுடன்.

வினோஜா சற்று நேரம் சும்மா நின்றாள். அரியநாயகம் மலரை மூடப் போனார்.

“சேர், அதுக்குப் பிறகு என்ன நடந்தது?”

“எதுக்குப் பிறகு?”

“ஓடம் எரிஞ்சாப் பிறகு.”

“பிறகென்ன, வரலாறு ஆச்சுது.”

“ஒல்லாந்தர் வந்தவையோ?”

“வந்தவை.”

“ஆக்கள்?”

“ஆக்கள் இஞ்சதான் இருந்தவை. போக ஏலாதே!” என்றார் பெருமையோடு.

“செத்தவையோ சேர்?”

“அதுக்கு ஆதாரம் இல்லை பிள்ளை. ஆதாரம் இல்லாததை நாங்கள் எழுதிறேல்லை. தீப்பந்தத்துக்கு ஆதாரம் இருக்கு.” அவர் சிலையைக் காட்டினார்.

“அவர் தன்ர ஓடத்தையும் எரிச்சவரோ?”

வர்ணம் பூசிக்கொண்டிருந்தவர் தூரிகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அரியநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தலைவன்ர ஓடம் வேறை. அக்கரைக்குப் போய் இஞ்சத்தை வீரத்தைச் சொல்ல ஓராள் வேணுமெல்லே? அப்பிடிப் போன பரம்பரைதான் மாத்தறையில கடை போட்டு, பேந்து கனடா போய், இண்டைக்கு இந்தச் சிலையையும் தந்தது. அந்த ஓடத்தையும் எரிச்சிருந்தால் சிலைக்கு ஆரிட்டைப் போறது? யோசிச்சுக் கதைக்க வேணும் பிள்ளை.”

வினோஜா யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். யோசிக்க யோசிக்க, தீப்பந்தம் பிடித்த மனிதரை அவளால் பார்க்க முடியவில்லை. மறுநாள் விடிய, மூட்டைகளோடு கரைக்கு வந்து சாம்பலைப் பார்த்து நின்றவர்கள்தான் தெரிந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் மலரில் பெயர் இல்லை.

அப்பா பிரதாபன் வெங்காயத் தோட்டத்திலிருந்து வந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். அம்மா கேதீஸ்வரி குசினிக்குள் நின்றாள்.

“அப்பா, ஆக்களைப் போகவிடாமல் படகை எரிச்ச ஒராளைப் பெரிய ஆளெண்டு சொல்லலாமோ?”

பிரதாபன் சோற்றில் கைவைத்தபடி இருந்தார். குழைத்த சோறு விரல்களிலேயே காயத் தொடங்கியது. அவர் இளமையில் வன்னியில் இருந்தவர் என்பதும், அங்கேயும் போரின் கடைசியில் ஒரு கடற்கரை இருந்தது என்பதும் மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் அந்த வீட்டில் ஒருவரும் பேசியதில்லை. கேதீஸ்வரி எட்டிப் பார்த்து, “இண்டைக்கு மீனில முள்ளுக் கூட, பாத்துச் சாப்பிடுங்கோ,” என்றாள்.

பிரதாபன் சொன்னார்: “உந்தக் கேள்வியை வெளியில கேக்காதை.”

“ஏன் அப்பா?”

“அங்க கேட்ட ஆக்களும் இருந்தவை.”

அவர் எழுந்து கை கழுவப் போனார். சாப்பாடு அப்படியே இருந்தது.

கன்னியுரை நாளன்று சிவபாதம் நேரில் வந்தார். சோளகக் காற்று பலமாக இருந்ததால் வாந்தி எடுத்தபடியே வந்து இறங்கினார். மங்கல விளக்கு ஏற்றுவதோடு விழா தொடங்க வேண்டும். ஐந்து திரியையும் ஐந்து பிரமுகர்கள் ஏற்றினார்கள். ஏற்ற ஏற்றக் காற்று அணைத்தது. விளக்கு எரியாமல் வரவேற்புரை இல்லை, வரவேற்புரை இல்லாமல் தலைமையுரை இல்லை. கடைசியில் அதிபர் தன் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் போட்டு விளக்கின் உச்சியில் படுக்கவைத்தார். எல்லோரும் அதை வணங்கினார்கள்.

பிறகு தலைமையுரை, ஆசியுரை, பொன்னாடை. அதன்பின் திரையில் கனடாக் கிளைத் தலைவர் சயந்தன் தோன்றினார். அங்கே நடுச்சாமம். கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்தார். தண்ணீர் எடுக்க எழுந்தபோது கீழே இடுப்பில் கட்டியிருந்த சாரம் தெரிந்தது.

“அன்பான பிள்ளைகளே, நாங்கள் அங்க இல்லாட்டிலும் அங்கதான் இருக்கிறம். நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டு முப்பது வருசம். அந்த வலி சொல்லி முடியாது. அந்த வலி உங்களுக்கு வேண்டாம். ஆனபடியால் நீங்கள் ஒருத்தரும் வெளிக்கிடப்படாது. நாங்கள் வரேக்க ஊரில ஆக்கள் இருக்க வேணும். ஆளில்லாத ஊருக்கு நாங்கள் வந்து என்னத்தைச் செய்யிறது?”

கரகோஷம் எழுந்தது. ஒருமணிப் படகைப் பிடிக்க வேண்டியிருந்ததால், வேட்பாளர்கள் சுருக்கமாகப் பேசும்படி கேட்கப்பட்டார்கள்.

நிலக்ஷன் பெரியப்பா எழுதிக் கொடுத்ததை மனப்பாடமாக ஒப்புவித்தான். “வீரகத்தியாரைப் போல நானும் இந்த மண்ணை விட்டு ஒரு காலும் நகரேன்,” என்று முடித்துவிட்டு, நேர்மையான பிள்ளை என்பதால், “ஆனால் தை மாதம் தொடக்கம் பெரியப்பா வீட்டை போய் ரவுணில படிக்கப்போறன்,” என்றும் சொன்னான்.

வினோஜா ஒலிவாங்கிக்கு முன் வந்து சும்மா நின்றாள். அதிபர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

“வீரகத்தியார் எல்லாற்ற ஓடத்தையும் எரிச்சவர்,” என்றாள். “அதால அந்த ஆக்களுக்கு என்ன நடந்ததெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அவைக்குப் போக விருப்பமோ இருக்க விருப்பமோ எண்டு அவர் கேக்கேல்லை. நானெண்டால் கேட்டிருப்பன். எனக்கு அவரைப்போல வர விருப்பமில்லை. நான் வந்தால் படகைத் திருத்தச் சொல்லிக் கேப்பன். போறவை போகலாம். பின்னேரம் திரும்பியும் வரலாம்.”

ஒலிவாங்கியில் காற்று மட்டும் இரைந்தது. திரையில் சயந்தன் வாயசைத்தார், சத்தம் வரவில்லை. அரியநாயகம் கதிரையிலிருந்து பாதி எழுந்து நின்றார். கூட்டத்தின் பின்வரிசையில் பிரதாபன் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்.

சிவபாதம் எழுந்தார். அவருக்கு இப்படியான வேளைகளைச் சமாளித்துப் பழக்கம் உண்டு. “இந்தப் பிள்ளை கேள்வி கேட்டிருக்கிறா. பாராட்டுகிறேன். கேள்வி கேட்பதைப் புதிய பாடத்திட்டம் பெரிதும் ஊக்குவிக்கிறது. பதில் சொல்வதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. எனவே நாம் அனைவரும் படகுக்குச் செல்வோம்.”

வாக்கெடுப்பில் வினோஜாவுக்குப் பதினெட்டு வாக்கு. நிலக்ஷனுக்கு ஒன்று.

“அதுகூட என்ர இல்லை,” என்றான் நிலக்ஷன் அவளிடம். “சாருஜன் போட்டது. அவனுக்கு நெருப்புப் பிடிக்கும்.”

மாணவர் படகைத் திருத்த வேண்டும் என்ற பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது. எதிர்க்கட்சித் தலைவர் என்ற முறையில் நிலக்ஷன் அதை எதிர்க்க வேண்டியிருந்தது. எதிர்த்துவிட்டு, சுகாதார அமைச்சராக எழுந்து ஆதரித்தான். பிரேரணையை நேரிற் கையளிக்கப் போவதற்குத்தான் வழி இருக்கவில்லை. மீன்பிடிக்கிற தம்பிஐயா வலையை இறக்கிவைத்துவிட்டுத் தன் வள்ளத்தில் அவளையும் பிரதாபனையும் ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய் விட்டார். நனைந்த சட்டையோடு இருவரும் பணியகத்துக் கதிரைகளின் நுனியில் உட்கார்ந்தார்கள்.

சிவபாதம் பிரேரணையை வாசித்துவிட்டு மகிழ்ந்தார். “எழுத்து நல்ல வடிவு. இப்ப முறையைச் சொல்லுறன் கேளும். படகைத் திருத்தக் காசு ஒதுக்க வேணுமெண்டால், அது படகுதான் எண்டு ஒரு சான்றிதழ் வேணும். சான்றிதழ் தாறதெண்டால் அது மிதந்து காட்ட வேணும்.”

“அது அடியில வெடிச்சிருக்கு சேர். திருத்தினால்தான் மிதக்கும்.”

“அதைத்தானே நானும் சொல்லுறன். மிதந்தால் திருத்தலாம்.”

“மிதந்தால் பிறகேன் சேர் திருத்திறது?”

சிவபாதம் பிரதாபனைப் பார்த்து அன்போடு சிரித்தார். “கெட்டிக்காரி. சும்மா பிரதமரா வரேல்லை.” மேசை லாச்சியிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்து அவளுக்குப் போர்த்தினார். ஒருவர் வந்து படம் எடுத்தார். “யோசிக்காதையும். உம்மட பிரேரணையை வீரகத்தியார் பேரவைக்கும் அனுப்பிவிடுறன். படகு விஷயத்தில நல்ல ஈடுபாடு உள்ள ஆக்கள்.”

பேரவையின் ஈடுபாடு கெதியில் தெரிந்தது. வீரகத்தியார் நினைவு நாளில் வழக்கமாக ஓலையால் செய்த ஒரு சின்ன ஓடத்தைக் கொளுத்துவார்கள். இந்த முறை நேரடி ஒளிபரப்பு என்பதால், ஓலை ஓடம் திரையில் பெட்டி மாதிரித் தெரிகிறது, உண்மையான படகு வேண்டும் என்று கனடாக் கிளை கேட்டிருந்தது. சுவிஸ் கிளையும் இதில் ஒத்துப்போனது. இரண்டு கிளைகளும் உடன்பட்ட முதலாவது விஷயம் அதுவாக இருந்ததால் அரியநாயகம் கண்கலங்கினார். அந்த வேளையில்தான் தீவில் ஒரு படகு கிடப்பதாகப் பிரதமரின் பிரேரணை அவருக்குக் கிடைத்தது. பாவனைக்குதவாத பொருட்களை அகற்றும் விதியின் கீழ் பணியகம் அதை மனமுவந்து கொடுத்தது. வீரகத்தியாராக வேடமேற்றுத் தீ வைக்கும் கௌரவம் மாணவர் பிரதமருக்கு என்றும் தீர்மானமாயிற்று.

வினோஜா அதிபரின் அறைக்குப் போனாள். “சேர், அதைத்தானே நான் திருத்தச் சொல்லிக் கேட்டனான்.”

“எனக்கு விளங்குது பிள்ளை.”

“அப்ப சொல்லுங்கோவன் சேர்.”

“ஒவ்வொரு நாளும் அந்தக் கடலைக் கடந்து வாறவன் நான். எனக்கு விளங்காதோ?” தில்லைநாதன் யன்னலால் கடலைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள். இறங்குதுறையில் சேவைப் படகின் ஹோர்ன் கேட்டது. அவர் பையை எடுத்தார்.

நினைவு நாளன்று மணலில் கிடந்த படகுக்கு மாலை போட்டிருந்தார்கள். வினோஜாவுக்கு வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து, கண்மையால் மீசை வரைந்தார்கள். மீசை ஒருபக்கம் கூடிப்போனதால் மற்றப் பக்கத்தையும் கூட்டி, அது கன்னம் வரை போயிருந்தது. மலருக்கு அறிமுகவுரை, அறிமுகவுரை ஆற்றியவருக்குப் பொன்னாடை, பொன்னாடை போர்த்தியவருக்கு நன்றி எல்லாம் முடிந்த பிறகு எரியும் பந்தத்தை அவள் கையில் கொடுத்தார்கள்.

“இப்ப நேரே போய், ‘ஒரு காலும் நகராது’ எண்டு சொல்லி வைக்க வேணும். கமராவைப் பாத்துச் சொல்லும்,” என்றார் அரியநாயகம்.

வினோஜா நேரே போனாள். படகருகில் நின்றாள். அவள் வழக்கமாக நிற்கும் அளவைவிடக் கூடுதல் நேரம் நின்றாள். பிறகு பந்தத்தை ஈரமணலில் குத்தி அணைத்துவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி படகுக்குள் ஏறிக் குறுக்குப் பலகையில் உட்கார்ந்தாள்.

“இறங்கும் பிள்ளை.”

அவள் இறங்கவில்லை.

“வீரகத்தியார் படகில ஏறேல்லை! வரலாற்றில அப்பிடி இல்லை!” என்று கத்தினார் அரியநாயகம்.

பிரதமர் இருக்கும் இடத்தில் செங்கோல் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்த சாருஜன், தும்புத்தடியை இழுத்துக்கொண்டு அவள் பின்னால் ஏறப் பார்த்தான். அவனுடைய தாய் ஓடிவந்து தூக்கிக்கொண்டு போனாள். மற்ற அமைச்சர்கள் தங்கள் தங்கள் பெற்றாரின் கைப்பிடிக்குள் நின்றார்கள். கேதீஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். வினோஜா பலகையின் இரண்டு கரையையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இவவின்ர தகப்பன் எங்க? வந்து இறக்கச் சொல்லுங்கோ,” என்றார் சிவபாதம்.

பிரதாபன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். படகின் விளிம்பில் கை வைத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவளை இறக்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

திரையிலிருந்து சயந்தனின் குரல் வந்தது: “என்ன அங்க? புகையைக் காணேல்லை. இஞ்ச நூற்றுக்கணக்கில சனம் பாத்துக்கொண்டிருக்கு.” அதேநேரம் இறங்குதுறையில் சேவைப் படகின் எஞ்சின் உறுமத் தொடங்கியது. பிரமுகர்கள் மணிக்கூட்டைப் பார்த்தார்கள்.

தலைமைத்துவம் என்பது இப்படியான நேரத்தில்தான் தெரியும். அரியநாயகம் காய்ந்த பனையோலையைக் கொண்டுவரச் சொன்னார். படகுக்கு அப்பால் காற்று மறைவில் குவித்து, ஈரச் சாக்கு ஒன்றையும் போட்டுக் கொளுத்தினார்கள். கமரா தாழ்த்திப் பிடிக்கப்பட்டது. கரும்புகை எழுந்து படகையும் அவளையும் தகப்பனையும் மறைத்தது. ‘ஒரு காலும் நகராது’ என்று அரியநாயகமே முழங்கினார். கனடாவில் எழுந்து நின்று கைதட்டினார்கள். சிலர் அழுதார்கள். சுவிஸ் கிளையிலிருந்து ஒருவர் மண்ணின் வாசம் தமக்கு அங்கேயே வருவதாகச் சொன்னார். சிவபாதம் துறைக்கு நடந்தபடியே, படகு எரிந்து அகற்றப்பட்டது என்று கையெழுத்து வைத்தார். எல்லோரும் ஓடி ஏறினார்கள். அதிபர் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சேவைப் படகு போய்விட்டது.

புகை அடங்க நேரமெடுத்தது. ஊர்ச்சனமும் கலைந்தது. வினோஜா இருமிக்கொண்டு அதே பலகையில் இருந்தாள். வியர்வையில் மீசை கரைந்து நாடி வரை வந்திருந்தது.

அவளுக்கு அப்போது வீரகத்தியாரின் நினைவு வந்தது. முதன்முறையாக அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவரும் எரிக்காமலே இருந்திருக்கலாம். யாரோ ஓலையைக் கொளுத்திப் புகை காட்டியிருக்கலாம். யாரோ எரிந்தது என்று எழுதியிருக்கலாம். ஓடங்கள் மணலில் முழுசாகக் கிடக்கக் கிடக்கவே, இல்லை என்று எழுதப்பட்டதால் அந்தச் சனம் ஏறாமல் நின்றிருக்குமோ? அப்படியானால் அந்த மனிதர் எத்தனை காலமாக, செய்யாத ஒன்றுக்காகக் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறார்! இதை யாரிடம் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“அப்பா, போனைத் தாங்கோ.”

சிவபாதம் வீட்டில் படுத்திருந்தார். குரல் சோர்ந்து கிடந்தது.

“சேர், நான் தாழைதீவு வினோஜா கதைக்கிறன். படகு எரியேல்லை சேர். முழுசா இருக்கு. தை மாதத்துக்கு முதல் திருத்தித் தாங்கோ. இல்லாட்டி என்ர படிப்பு நிண்டுபோகும்.”

“பிள்ளை, அது எரிஞ்சதெண்டு கையெழுத்து வைச்சாச்சுது. எரிஞ்ச படகை எப்பிடித் திருத்திறது? நீர் படிச்ச பிள்ளை, யோசிச்சுப் பாரும்.”

“நான் இப்ப அதுக்குள்ளதான் இருக்கிறன் சேர்.”

மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது. அவர் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்து வந்த குரலில் உண்மையான அக்கறை இருந்தது.

“அப்ப கெதியா இறங்கும் பிள்ளை. எரிஞ்ச படகுக்குள்ள இருக்கிறது ஆபத்து.”

வினோஜா தொலைபேசியைத் தகப்பனிடம் நீட்டினாள். பிரதாபன் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டார். மகளை இறங்கச் சொல்லப்போகிறவர் போலக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு, விளிம்பைப் பிடித்து ஏறி, அவளுக்கு எதிர்ப் பலகையில் உட்கார்ந்தார்.

இருவரும் ஊர்காவற்றுறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.